தோளில் வைத்த இடது கை

தி. நகர் மாடி ஹாலில் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகுதான் அந்தப் பேச்சு எழுந்தது. மூலையில் ஹம்சினி தோளில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். ஜோடி நடனத்தில் அவளை நடத்தும் லீடராக வந்த ஜெயராம், கேட்காமல் கொள்ளாமல் அவளைப் பின்னால் சாய்த்ததில் தோள் பிசகியிருந்தது.

ஜெயராம் வேண்டுமென்று செய்யவில்லை என்று பரத்வாஜ் ஆரம்பித்தான். அவனும் சந்திரிகாவும் சேர்ந்துதான் அங்கே சல்சாவும் பச்சாட்டாவும் சொல்லிக்கொடுத்தார்கள்.

"பயந்து உடம்பை இறுக்கிட்டா. அதான் பிடிச்சிடுச்சு."

"பொண்ணு விழுந்தா அவ தப்பு. ஆம்பள தள்ளுனா அது ஸ்டைலு. இன்னாய்யா நியாயம் இது?" என்றாள் சந்திரிகா.

அடையாறில் தாங்கள் நடத்தும் சனிக்கிழமை நடன பார்ட்டிக்குப் பாதிக் கூட்டம் ஜெயராமால்தான் வருகிறது என்றான் அவன். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொன்னான்.

"யாரு? நானா, அவ தோளா?"

பரத்வாஜ் சிரித்தான். "கோவம் வந்தா நீ அப்படியே கோடம்பாக்கம் ஆயிடுற."

"பொறந்த ஊரு. கோவமே வராம நீ இன்னாவா ஆயிட்டேன்னு பாரு."

சந்திரிகாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. அப்பா ஸ்டூடியோவில் லைட்மேனாக இருந்தவர். பகலில் அவளுக்கு ஈக்காட்டுத்தாங்கலில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் சரக்கைச் சோதித்து அனுப்பும் வேலை. நடன ஷூ எப்போதும் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் கிடக்கும். மாணவர்களுக்கு பரத்வாஜ் 'சார்'. அவள் வெறும் சந்திரிகா. அதையெல்லாம் அவள் பொருட்படுத்தியதில்லை. பொறுக்க முடியாமல் போனது வேறு.

லீடரின் தோளில் பெண் வைக்கும் இடது கை அழகுக்கு இல்லை, அது பிரேக் என்பது அவள் பாடம். அவன் அளவுக்கு மீறி நெருங்கினால் முன்கையை அவன் புஜத்தில் அழுத்த வேண்டும். அதற்கு மேல் வர முடியாது. வீடியோவில் விறைப்பாகத் தெரிகிறது என்று பரத்வாஜ் அந்தப் பாடத்தையே எடுத்துவிட்டான். கையைத் தளர்த்துங்கள், லீடரை நம்புங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஹம்சினியும் அப்படித்தான் கற்றாள். அன்று ஜெயராமின் தோளில் அவள் கை ஈரத்துண்டு மாதிரி தொங்கியதைச் சந்திரிகா பார்த்திருந்தாள்.

அடுத்த வகுப்பில் யாரையும் கேட்காமல் பாட்டை நிறுத்தினாள். ஜெயராமையே நடுவில் கூப்பிட்டு, அவன் தோளில் இடது கையை வைத்து, தன்னை இழுத்துப் பார்க்கச் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே இழுத்தான். அவள் முன்கை நகரவில்லை. இன்னும் பலமாக இழுத்தான். பெண்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"ரிலாக்ஸ் பண்ணுங்க சந்திரிகா," என்றான், முகம் சிவந்து.

"நீ கேட்டுட்டு வா. நான் ரிலாக்ஸா கீறேன்."

அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சந்திரிகா தொடர்ந்து சொல்லிக்கொடுக்கலாமா என்று ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவதாக அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் பரத்வாஜ் போட்டான். அவள் கொஞ்சநாளாக டென்ஷனாக இருக்கிறாள் என்றும் எழுதியிருந்தான். சம்மதம் என்று கட்டைவிரல் படங்கள் குவிந்தன. ஹம்சினியின் தோளைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுதி எழுதி அழித்தாள் ஹம்சினி.

மறுநாள் பனகல் பார்க் பக்கத்து டீக்கடைக்குச் சந்திரிகா அவளைக் கூப்பிட்டாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை நான் பேசுனா, சந்திரிகாவுக்குக் கோவம்னு சொல்லி முடிச்சிடுவானுங்க. உனக்குப் பேச்சே வராதுன்னு தெரியும். ஆனா தோளு உன்னுது. அன்னிக்கு அவன் இன்னா பண்ணான்னு நீயே எழுந்து நின்னு சொல்லும்மா."