சாக்கில் ஒட்டிய எழுத்துகள்

கல்யாணமாகிக் கேரளத்து முதலமடைக்கு வந்த முதல் மாங்காய்ப் பருவத்தில், நானும் என் கணவரின் தங்கையும் மாம்பாலில் எழுதிப் பழகினோம். எழுபதுகளின் தொடக்கம் அது. காம்பைக் கிள்ளினால் பீச்சியடிக்கும் பால் கையில் பட்டால் புண்ணாகிவிடும். காயின் தோலில் பட்டால் மறுநாள் கறுத்துப்போகும். வேப்பங்குச்சியின் நுனியை மென்று தூரிகையாக்கி, அந்தப் பாலைத் தொட்டு, வெம்பி விழுந்த காய்களின் மேல் எழுதினோம். எழுதும்போது ஒன்றும் தெரியாது. காலையில் போய்ப் பார்த்தால் ‘அ’ கறுப்பாக வந்திருக்கும்.

அவள் என்னைவிடச் சின்னவள். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அந்த வீட்டில் சிரித்துப் பேச அவள்தான். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து சிவப்பாக்கினோம். வேட்டிக்குப் போடும் நீலத்தைக் குழைத்தோம், செங்கல்லை இடித்தோம். மாட்டுக்கொட்டகைச் சுவர் முழுக்க எழுத்துகள். ‘ழ’வுக்கு வால் வைப்பாள், ‘ஐ’க்குத் தும்பிக்கை. மாமனார் அந்தப் பக்கம் போகும்போது சுவரை ஒருமுறை பார்ப்பார். பிறகு மாட்டை அவிழ்க்கப் போய்விடுவார்.

அந்த ஐப்பசியில் மாமனார் களத்தில் விழுந்தார். வலது கையும் காலும் விளங்காமல் போயின. கண் மங்கியது. நாக்கு சுழலவில்லை. புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்றார் வைத்தியர். அதுதான் எங்களுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது. கதவுப் பக்கம் இடது கையை ஆட்டி ஓலமிடுவார். குளிர்காற்று படுகிறதென்று கதவைச் சாத்துவோம். இன்னும் பெரிதாக ஓலமிடுவார். என் கணவர் அதைக் கேட்க மாட்டாமல் காட்டு வேலைக்குப் போய்விடுவார்.

“நங்கை, எழுதிக் காட்டலாமுங்களா?” என்று அவள் ஒருநாள் கேட்டாள். அண்ணியை நங்கை என்பது எங்கள் பக்க வழக்கம். மங்கிய கண்ணுக்குக் கரியும் சுண்ணாம்பும் பயன்படாது. விரலால் தடவி, வேண்டிய எழுத்தை அவர் தொட்டுக் காட்டும்படி எழுத வேண்டும். புளியங்கொட்டை மாவைப் பசையாகக் காய்ச்சி, பழைய சாக்கை விரித்து, பருத்திக்கொட்டைகளை வரிசையாக ஒட்டி எழுத்துகள் செய்தோம். காய்ந்ததும் அவர் கைக்குக் கீழே வைத்தோம். அவர் தடவினார். பிறகு சாக்கைத் தள்ளிவிட்டார். மறுபடி வைத்தோம், மறுபடி தள்ளினார். வைத்தியர் சொன்னது பொய்யோ என்று நாங்கள் பயந்தோம். அவள் சமையலறையில் போய் அழுதாள்.

அப்போதுதான் மாமியார் கேட்டார். “அதயேன் அவியகிட்ட நீட்டறீங்க?”

“எழுத்துங்க அத்தை. மாமா என்ன கேக்கறாருன்னு தெரிஞ்சுக்கத்தான்.”

“அவியளுக்குத் தமிழெழுத்து எங்க கண்ணு தெரியும்? சின்னதுல படிச்சது மலையாளப் பள்ளிக்கூடத்துலதானே.”

“ஏம்மா இத்தன நாளா சொல்லுல?” என்று மகள் கத்தினாள்.

“எனக்கென்ன தெரியும்? ஏதோ கோலம் போடறீங்கன்னு இருந்தேன்.”

வீட்டில் பேச்சு முழுக்கத் தமிழ். மாமனார் எதையும் எழுதியோ படித்தோ நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் சுவரெழுத்து அவருக்கு வெறும் படமாகவே இருந்திருக்கிறது.

அவள் பள்ளியில் மலையாளமும் ஒரு பாடமாகப் படித்திருந்தாள். அவள் கரியால் வரைய, நான் கொட்டைகளை ஒட்டினேன். சுருண்டு சுருண்டு போகும் அந்த எழுத்துகளில் எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. சாக்கை வைத்ததும் மாமனாரின் விரல் முதல் எழுத்தின் வளைவோடு மெல்லப் போயிற்று. திரும்பவும் போயிற்று. கண்ணில் நீர் வழிந்தது.

க, த, வ என்று மூன்றைத் தொட்டார்.

“கதவுங்களாப்பா? சாத்தோணுமா?”

தலையை ஆட்டி மறுத்தார். பிறகு த, ற என்று தொட்டார். அவள் என்னைப் பார்த்தாள். “தெறக்கச் சொல்றாருங்க, நங்கை.”

திறந்தேன். மாடுகளின் கழுத்துமணிச் சத்தமும் காற்றும் உள்ளே வந்தன. அவர் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். அத்தனை நாளும் அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தோம்.

பிறகு புகையிலை கேட்டார், நொண்டிய காளையைப் பற்றிக் கேட்டார். தமிழ் வார்த்தை, மலையாள எழுத்து. ஒருநாள் அவர் தொட்டதைச் சேர்த்துப் படித்தால் பொருளே வரவில்லை. நாங்கள் அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தோம். மாவாட்டிக்கொண்டிருந்த மாமியாரின் கை நின்றது. எழுந்து வந்து கட்டிலருகே உட்கார்ந்தார்.

“என்னத்தான் கூப்பிடறாரு,” என்றார். “கட்டிக்கிட்டு வந்த புதுசுல அப்படித்தான் கூப்பிடுவாரு.”

நாங்கள் இருவரும் வெளியே வந்துவிட்டோம்.

மாமரங்கள் பூத்திருந்தபோது அவர் இறந்தார். படுக்கையோடு சாக்கையும் எரிக்க எடுத்தார்கள், மாமியார் விடவில்லை. தன்னைக் கூப்பிட்ட எழுத்துகள் எவையென்று என்னைக் காட்டச் சொன்னார். மாமியாரின் விரலைப் பிடித்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். அதற்குள் அவற்றை எனக்கே படிக்கத் தெரிந்திருந்தது.