தொட்டா எடுத்தாகணும்

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு தக்காளிக் குவியலின் மேல் குனிந்து நிற்கிறார். கண் மட்டும் ஓடுகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் எடுக்கிறார்கள், அமுக்கிப் பார்க்கிறார்கள், முகர்கிறார்கள், திருப்பிப் போடுகிறார்கள். இவர் ஒன்றையும் தொடமாட்டார். ஐந்து நிமிடம் கழித்து வலது கை முன்னால் வரும், ஒரு தக்காளியை எடுக்கும், நேராகப் பைக்குள் போடும். அடியில் அழுகல் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எடுத்தது எடுத்ததுதான்.

புரட்டிப் பார்த்து எடுத்தால் குறைந்தா போய்விடும் என்று மனைவியும் முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். “தொட்டா எடுத்தாகணும்” என்பதற்கு மேல் பதில் கிடையாது. காய்கறிக் கடைக்காரருக்கு இப்படி ஒரு வாடிக்கை கசக்குமா? இவர் வரும் நேரம் பார்த்து முந்தின நாள் சரக்கை மேலே அடுக்கிவைக்கிறார் என்று மனைவிக்கு ஒரு சந்தேகம். சந்தேகம் சரிதான்.

பிழைப்பு மூக்குக்கண்ணாடிக் கடையில். இருபத்தாறு வருஷமாக அதே கண்ணாடி மேசைக்குப் பின்னால் நிற்கிறார். வேறு எந்த வேலை கிடைத்திருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக இவரை வதைத்திருக்காது. உள்ளே வருகிற ஆள் முப்பது பிரேமை எடுத்து மாட்டிப் பார்ப்பார். கடைசியில், “வீட்ல கூட்டிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். ஒவ்வொன்றும் எடுக்கப்பட்டுத் திரும்ப வைக்கப்படுவதை இவர் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். முப்பதையும் துடைத்து, வந்த இடத்தில் வைப்பார். மேசையில் வேலையில்லாத நேரமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதால் கடையில் இவருக்குக் ‘கைகட்டி’ என்று பெயர். முதலாளியே அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஆனால் வேலையென்று வந்துவிட்டால் அந்தக் கையைப் பார்க்க வேண்டும். பிரேமின் காதுப்பக்கத்தைச் சூடுகாட்டி இளக்குவார், காதின் வளைவுக்கு ஒரு மடக்கு மடக்குவார், மூக்கில் உட்காரும் இடத்தை நகம் அளவு தள்ளுவார். இவர் வளைத்துக் கொடுத்த கண்ணாடி உறுத்துகிறது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. ஒருவர் முகத்தை நோக்கிக் கையை நீட்டும்முன் மட்டும், “சரி பண்றேன்” என்று சொல்லிக்கொள்வார். வாடிக்கையாளர்கள் அதை மரியாதை என்று நினைக்கிறார்கள். வீட்டில் கோணலாகத் தொங்கும் நாட்காட்டியை நேராக்கும்போதும் அதே வார்த்தைதான். “நாட்காட்டிக்கு எதுக்குங்க முன்னறிவிப்பு?” என்று மனைவி சிரிப்பார். சிரிப்பாரே தவிர, காரணம் அவருக்குத் தெரியும்.

காரணம் சதுரங்கம். அந்த ஆட்டத்தில் தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும். அய்யோ தெரியாமல் தொட்டுவிட்டேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டத்துக்குள் கோணலாக நிற்கும் காயை நேராக வைக்க மட்டும் விரும்பினால், தொடுவதற்கு முன்பே ‘சரி செய்கிறேன்’ என்று எதிராளி காதில் விழும்படி சொல்லிவிட வேண்டும். தொட்டபின் சொன்னால் செல்லாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடியில் கூடும் சதுரங்க மன்றத்துக்கு இவர்தான் நடுவர். பதினான்கு மேசை, பதினான்கு கடிகாரம், சட்டையில் ‘நடுவர்’ என்று எழுதிய ஒரு வில்லை. இவர் ஆடுவதில்லை. உள்ளங்கை இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து, பெஞ்சில் அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டு பார்ப்பார். தகராறு வந்தால் எழுந்து வருவார், இரண்டு பக்கமும் கேட்பார், ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்வார். அதற்கு மேல்முறையீடு என்று ஒன்று நடந்ததே கிடையாது.

ஆட்டத்தைவிட அதிக நேரம் அங்கே நடப்பது ஒரு சண்டை: இன்றுவரை ஆடியவர்களிலேயே பெரிய ஆட்டக்காரர் யார்? சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். காய்களை அள்ளிப் பலிகொடுத்தே எதிராளியைக் கிறுகிறுக்க வைத்த ‘மந்திரவாதி’ அதில் உண்டு. அவசரமே படாமல் மூச்சை நெரிக்கிற ‘மலைப்பாம்பு’ உண்டு. மகுடம் கைக்கு வந்ததும் ஆட்டத்தை விட்டே எழுந்துபோன ‘கோபக்காரர்’ உண்டு. எல்லாம் மன்றத்தார் செல்லமாக வைத்த பெயர்கள். ஒன்பது பேரில் யார் முன்னே, யார் பின்னே என்று அடிதடி நடக்குமே தவிர, ஒன்பது பேரும் நிச்சயம். பத்தாவது இடம்தான் காலி. அங்கே யாரை எழுதினாலும் அடுத்த வாரம் இன்னொருவர் அடித்துவிடுவார். கடைசியில் அந்த இடத்தை நடுவரிடமே விட்டுவிட்டார்கள்.

“அந்த ஆளை உங்களுக்குத் தெரியாது” என்பார் இவர். யார், எந்த ஊர் ஆட்டக்காரர் என்று குடைந்தால் கடிகாரங்களைத் துடைக்கப் போய்விடுவார்.

மன்றத்தில் மூத்தவர், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். புதிதாக யார் சேர்ந்தாலும் ஒரு கதை சொல்வார். அதைக் கேட்காமல் அந்த மாடியில் யாரும் ஒரு சிப்பாயைக்கூட நகர்த்த முடியாது.

“நம்ம சார் ஆடுன காலத்துல ஒருத்தன் இருந்தான். கடைசிச் சுத்து, ஜெயிச்சா பெரிய போட்டிக்குப் போகலாம். தோக்கப்போறோம்னு தெரிஞ்சதும் என்ன பண்ணான் தெரியுமா? சார் குதிரையைத் தொட்டுட்டாரு, நகர்த்தணும்னு கூசாம புளுகுனான். சார் ஒரு வார்த்தை உரக்கப் பேசலையே! அவன்தான் கத்துனான். அப்புறம் இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கலை.”

கதை முடிந்ததும் புதியவர்கள் இவரை மரியாதையோடு திரும்பிப் பார்ப்பார்கள். இவர் தொடைக்கு அடியில் இருக்கும் கைகளை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொள்வார்.

உண்மை என்ன? தொட்டார். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், அதே மாடியில், ஜன்னலோர மேசையில், குதிரையின் தலையில் இரண்டு விரலை வைத்தார். வைத்த நொடியிலேயே தெரிந்தது: குதிரை நகர்ந்தால் அதன் பின்னால் நிற்கும் ராணி போச்சு. விரலை எடுத்தார். எதிரில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைய நடுவர் வந்தார். “சரி பண்றேன்னு சொல்லிட்டுத்தான் தொட்டேன்” என்றார் இவர். சொல்லவில்லை. அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வரவே இல்லை. எதிராளி அதைச் சொன்னார், நம்பவில்லை என்றதும் குரலை உயர்த்தினார், உயர்த்தியதாலேயே மேலும் நம்பாமல் போனார்கள். அமைதியாக இருப்பவன் பக்கம்தான் நியாயம் இருக்கும் என்று நினைக்கிற உலகம் இது. அதன்பின் பத்து நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. எதிராளி தன் ராஜாவைச் சாய்த்தார், கை கொடுத்தார், தாளில் கையெழுத்துப் போட்டார், படியிறங்கிப் போனார்.

கிடைத்த கோப்பை இப்போது துணி காயப்போடும் கிளிப்புகளைச் சுமக்கிறது. இவர்தான் அப்படி வைக்கச் சொன்னார். பெரிய போட்டிக்குப் போய் முதல் சுற்றில் உட்கார்ந்தபோது காயைத் தொடக் கை வரவில்லை. அன்றோடு ஆட்டத்தை விட்டார். பாவத்துக்குப் பரிகாரம்போல நடுவர் வேலையை எடுத்துக்கொண்டார். அந்த மனிதரைத் தேடிப் போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவரே எதிரே வந்தார். இவர் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போன மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் கடைக்குள்ளேயே வந்துவிட்டார்.

தலை வழுக்கையாகியிருந்தது. சட்டைப்பையின் மேல் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றின் பெயர் தைத்திருந்தது. படிக்கிற கண்ணாடி வேண்டும் என்றார். குரலைக் கேட்டதும் இவர் குனிந்து மேசையைத் துடைக்கத் தொடங்கினார். அவர் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. பிரேம்களை எடுத்து மாட்ட ஆரம்பித்தார். இதில் வாத்தியார் மாதிரி இருக்கிறேன், இதில் திருட்டு முழி என்று தனக்குத்தானே கேலி வேறு. எடுப்பதும் போடுவதுமாக இருபத்து மூன்று பிரேம். இவர் மனதுக்குள் எண்ணிக்கொண்டே நின்றார். இந்த மனுஷன் எதையும் தொடலாம், எதையும் விடலாம். அவர் கைக்கு எந்தப் பயமும் இல்லை என்று பார்க்கும்போது பொறாமையாகக்கூட இருந்தது.

இருபத்து நான்காவது பிடித்துப்போயிற்று. ஆனால் மூக்கில் வழுக்கியது. வளைக்க வேண்டும். இவர் கையை நீட்டினார். வழக்கம்போல வாய் முந்திக்கொண்டது.

“சரி பண்றேன்.”

அவர் மெல்லச் சிரித்தார்.

“பரவால்லையே. இப்பல்லாம் முன்னாடியே சொல்லிடுறீங்க.”

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. முப்பத்தொரு வருஷமாக ஒத்திகை பார்த்த பேச்சில் இவ்வளவுதான் வந்தது: “அன்னைக்கு நான் சொல்லலை. தொட்டேன்.”

“தெரியுமே. எதிர்ல உக்காந்திருந்தவன் நான்தானே?” கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார் அவர். இப்போது சிரிப்பு இல்லை. “தோத்ததுக்கு நான் வருத்தப்படலைங்க. ஆட்டம்னா தோப்போம். அந்த மாடியில இருந்த அத்தனை பேரும் என்னைப் பொய்க்காரன்னு பாத்தாங்க பாருங்க, அதுதான். எனக்குத் தெரிஞ்சதையே எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறவரிடம், அடுத்த திருப்பத்தில் இடது பக்கம் என்று சொல்கிற குரல்தான். கண்ணாடி என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் இவர் சரியாகச் சாப்பிடவில்லை. வெளியே ஊர் மெச்சுகிற நடுவர். அந்த ஒரு பெயரைத் தவிர அவருக்கென்று வேறு என்ன இருக்கிறது? அதையும் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவதா என்று மனைவியிடம் கேட்டார். “அது உங்க பேரா? அவர் பேரை எடுத்துல்ல நீங்க போட்டுட்டிருக்கீங்க” என்றார் மனைவி. காரம்தான். இவருக்கு அது தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு செவிலியர் புதிதாகச் சேர வந்திருந்தார். தபால்காரர் கதையை ஆரம்பித்தார். புளுகுனான் என்ற இடம் வந்ததும், இவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார்.

“புளுகுனது நான்.”

பிறகு முழுவதையும் சொன்னார். எந்த மேசை, எந்தக் குதிரை, எத்தனை விரல் என்பதுவரை. வில்லையைக் கழற்றிக் கடிகாரங்களுக்குப் பக்கத்தில் வைத்தார். சுவரருகே போய், பட்டியலின் பத்தாவது இடத்தில் அந்த மனிதரின் பெயரைத் தலைப்பெழுத்தோடு முழுசாக எழுதினார். உண்மை தெரிந்தும், தோற்றபின் கை கொடுத்துவிட்டுப் போன ஆட்டக்காரரைப் பற்றித் தான் வேறெங்கும் படித்ததில்லை என்றார். அந்தப் பெயரை யாரும் அடிக்க வரவில்லை. தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்றுவரை இவரோடு பேசவில்லை. முப்பது வருஷமாக ஒரு பொய்யை வீடுவீடாகக் கொடுத்திருக்கிறோம் என்ற ஆத்திரம் அவருக்கு. நியாயமான ஆத்திரம். அன்று கடிகாரங்களை வேறு யாரோ ஓடவிட்டார்கள். ஜோடியில்லாமல் நின்ற செவிலியர், “நீங்க ஆடுறீங்களா?” என்று இவரைத்தான் கேட்டார். உட்கார்ந்தார். இருபத்திரண்டு நகர்த்தலில் தோற்றார்.

மறுநாள் அவர் கண்ணாடி வாங்க வந்தபோது இவர் நடந்ததைச் சொன்னார். அவர் கண்ணாடியை மாட்டி, நிலைக்கண்ணாடியில் முகம் பார்த்து, காதோரம் தடவிப் பார்த்து, எல்லாவற்றையும் நிதானமாக முடித்தபின்தான் வாயைத் திறந்தார்.

“பத்தாவதா? எனக்கு முன்னாடி ஒன்பது பேரா இருக்கானுங்க?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். இவருக்குச் சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடையில் இருந்தவர்கள் கைகட்டி சிரித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் காய்கறிக் கடையில், வழக்கம்போல மேலே அடுக்கியிருந்த பழைய சரக்கின் முன் இவர் வந்து நின்றார். மனைவி பையை விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கை முன்னால் வந்தது. ஒரு தக்காளியை எடுத்தார். புரட்டினார். அடியில் கட்டைவிரலால் லேசாக அமுக்கிப் பார்த்தார். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்த இடத்தில் திரும்ப வைத்துவிட்டு, இன்னொன்றை எடுத்தார்.