மெமரிக்கு வைத்த பொட்டு

அப்பா இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, ஆட்டோ எடுக்கவில்லை. அம்மா இருந்தாள், அடுப்புப் பக்கம். சித்தப்பா இருந்தார், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு. அக்கா இருந்தாள். நான் கட்டில் மேல் இருந்தேன். மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் எங்களுக்கு ஒரே ஒரு அறை. நடுவில் கம்ப்யூட்டர்.

அது அக்காவின் காலேஜுக்காக வாங்கிய பழைய கம்ப்யூட்டர். கடைசி வருஷப் ப்ராஜெக்ட் முழுக்க அதற்குள்தான் இருந்தது. மறுநாள் அதைக் காலேஜுக்குத் தூக்கிப் போய் ஓட்டிக் காட்ட வேண்டும். இருந்த மெமரியில் அது ஓடவில்லை. சித்தப்பா ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களை ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குத் தூக்கிப் போகிறவர். ஆகவே எங்கள் வீட்டில் அவர்தான் கம்ப்யூட்டர் தெரிந்தவர். பழைய மெமரியைக் கடையில் கொடுத்துவிட்டுப் பெரியதாக ஒன்று வாங்கி வந்திருந்தார்.

வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் அம்மா பொட்டு வைக்காமல் விடமாட்டாள். மிக்ஸிக்கு வைத்தாள். ஆட்டோவுக்கு டயர் மாற்றினால் டயருக்கும் வைப்பாள். கம்ப்யூட்டர் வந்த அன்று அதன் டிவிக்கும் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் பெட்டிக்கும் தனித்தனியாக வைத்தாள்.

சித்தப்பா மெமரியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பச்சை அட்டை. அதன் மேல் கறுப்புக் கட்டங்கள். கறுப்பில் யாராவது பொட்டு வைப்பார்களா? கீழ் ஓரத்தில் தங்க நிறத்தில் பல் வரிசை மாதிரி இருந்தது. தங்கத்தின் மேல் சந்தனம் வைத்தாள். அதன் மேல் குங்குமம். கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன்.

சித்தப்பா வந்து, பேசிக்கொண்டே எடுத்துச் சொருகினார். பொட்டு அவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. டிவி கறுப்பாகவே இருந்தது. பெட்டி நீளமாகக் கத்தியது. நின்றது. மறுபடி கத்தியது.

"இன்னாடா கத்துது?" என்றார் அப்பா.

"புது மெமரி இல்லியா, பழகுதுண்ணா. கொஞ்ச நேரம் அப்டித்தான் கத்தும்."

பழகவில்லை. சித்தப்பா ஒயரைப் பிடுங்கிச் சொருகினார். டிவியின் தலையில் தட்டினார். அப்பா பெட்டியின் பக்கத்தில் ஒரு அறை விட்டார். "ஆட்டோன்னா இழுத்து வுட சோக்கு கீது. இதுக்கு இன்னா கீது?"

"பழச போட்டுப் பாக்கலாம் சித்தப்பா" என்றாள் அக்கா.

"பழசத்தான் கடையில குடுத்துட்டனேம்மா. இன்னிக்கி கடையும் லீவு."

"நாளைக்கிக் காட்டலன்னா இன்னா ஆவும்?" என்றார் அப்பா.

"ஃபெயிலு, நைனா. இன்னொரு வருஷம் படிக்கணும்."

"இன்னொரு வருஷம் என்னால ஆவாது. இத்தோட வூட்ல குந்திக்க." அப்பா எல்லாரையும் பார்த்தார். "நல்லா ஓடிக்கினு இருந்த வண்டி. எவங் கைய வெச்சதுன்னு தெரியட்டும், அப்பறம் கீது."

அடுப்புப் பக்கம் பீன்ஸ் நறுக்கிய சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

"நவுரு சித்தப்பா" என்றாள் அக்கா.

அவள் அதுவரை பெட்டியைத் தொட்டுத் திறந்ததில்லை. அன்று உட்கார்ந்தாள். கட்டில் மேலிருந்து எனக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது. அப்படி ஒரு ஊர் உள்ளே இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. பச்சைத் தரை. வெள்ளிக் கோடுகளாக ரோடு. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி சின்னச் சின்ன உருளைகள். ஆள் மட்டும் இல்லை. அக்கா அதற்குள் கையை விட்டாள்.

மெமரியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா நிமிரவில்லை.

"டேய், உன் ரப்பரக் குடு."

எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து தங்கப் பற்களைத் தேய்த்தாள். குழந்தைக்கு மூக்குத் துடைப்பது போல, மெதுவாக. ரப்பர் தூள் மஞ்சளாகவும் சிவப்பாகவும் விழுந்தது. ஒன்று விடாமல் கூட்டித் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். மேலே இருந்ததால் நான் மட்டும் பார்த்தேன்.

மெமரியைச் சொருகி அழுத்தினாள். 'டக்' என்றது. சுவிட்சைப் போட்டாள்.

பெட்டி ஒரே ஒரு தரம், குட்டியாக, பீப் என்றது. டிவியில் வெள்ளை எழுத்துகள் மேலிருந்து கீழே ஓடின. அப்பா அடித்தும் கேட்காதது அக்காவுக்குக் கட்டுப்பட்டது.

"இன்னா இருந்திச்சு அதுல?" என்றார் அப்பா.

"எண்ண, நைனா. காலையில தல வாரிட்டு நான்தான் எடுத்துப் பாத்தேன்."

"காலேஜ் போற, அறிவு கீதா? எண்ணக் கைய எதுல வெக்கிறதுன்னு தெரியாது?"

"அதான பாத்தேன்" என்றார் சித்தப்பா. "நான் போட்டது தப்பாவுமா?"

அக்கா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். அவள் அன்று தலையே வாரவில்லை. நான், "அக்கா, அது எண்ண இல்ல..." என்று ஆரம்பித்தேன். ரப்பரை என் கையில் திணித்து, "போய்ப் படிடா" என்றாள்.

சந்தனத்தைப் பார்த்தும் அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். இவ்வளவு படித்தவளுக்குச் சந்தனம் தெரியாதா?

மத்தியானம் அம்மா அக்காவின் தட்டில் மட்டும் நெய் ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை. திட்டு வாங்கியவளுக்கு எதற்கு நெய் என்று கோபம் வந்தது.

மறுநாள் அக்கா ப்ராஜெக்டைக் காட்டிவிட்டு வந்தாள். பாஸ்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம்போல் குங்குமச் சிமிழோடு கிளம்பினாள். ஆட்டோவுக்கு வைத்தாள். மிக்ஸிக்கு வைத்தாள். அரிவாள்மனைக்கு வைத்தாள். கம்ப்யூட்டரிடம் வந்து நின்று அக்காவைப் பார்த்தாள். அக்கா பெட்டியின் வெளி இரும்பில் ஒரு மூலையைக் காட்டினாள். அங்கே வைத்தாள். டிவிக்கும் கீபோர்டுக்கும் மவுஸுக்கும் வைக்க மறந்துவிட்டாள் என்று நினைத்து, எண்ணிச் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பொட்டு, ஒன்று.