டாக்டர் என்னை வெளியே அழைத்தபோது

ஊருக்கு வந்தால், "அமெரிக்காவுல வைத்தியம் நம்ம ஊரைவிட நல்லதா?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டதை, நாகர்கோவில் டாக்டர் என்னை வராந்தாவுக்கு அழைத்து, தோளில் கைவைத்துச் சொன்னார். அறைக்குத் திரும்பியதும் அப்பா, "என்னடே சொன்னாரு?" என்றார்.

"வயித்துப் புண்ணுதானாம். நெல்லு அறுப்புக்குள்ள எழும்பிருவிய."

"அப்போ அறுப்பு முடிஞ்சு அஞ்சுகிராமம் போவணும். தம்பியைப் பாக்கணும்."

வரப்புத் தகராறில் சித்தப்பாவோடு வருஷக்கணக்காகப் பேச்சில்லை. அறுப்புக்கு முன்பே அப்பா இறந்துபோனார்.

சென்ற ஆண்டு, அமெரிக்காவில் என்னோடு இருந்த அம்மாவுக்கும் அதே நோய். நான் முந்திக்கொண்டு, "வெளியே போய்ப் பேசலாமா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "நோய் அவர்களுக்குத்தானே?" என்றவர், அம்மாவின் முன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்ன அத்தனையையும் மொழிபெயர்ப்பாளரான ஒரு பெண் தொலைபேசியில் தமிழில் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அம்மா அழவில்லை. "டிக்கெட் போடு மக்கா. அஞ்சுகிராமம் போவணும்" என்றாள்.

அஞ்சுகிராமத்தில் அம்மா, நான் அப்பாவிடம் நோயை மறைத்தது உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பா, "சாவப்போறோமுன்னு தெரிஞ்சிருந்தா அண்ணன் வந்திருப்பானா, மயினி?" என்றார்.

"அறுப்புவரைக்கும் பொறுத்திருக்க மாட்டாவ" என்றாள் அம்மா. என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

கேட்பவர்களிடம், "ரெண்டு ஊர்லயும் டாக்டர்மாரு நல்லவங்கதான்" என்று சொல்லிவைக்கிறேன். அப்பாதான் விடுவதில்லை. கண்ணை மூடினால், "என்னடே சொன்னாரு?" என்று கேட்கிறார்.