களப்புத் தண்ணீரில் நின்ற பின்னல்

புத்தளம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருக்கும் அழகுசாதனக் கடைக்கு நான் எனக்காகப் போகவில்லை. என் தலையில் சீப்புக்கு வேலை இல்லாமல் போய் வெகுகாலம். மகள் அம்னா ஒரு ஷாம்பூவின் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தாள். அதைத் தேடிக்கொண்டு நின்றபோது கண்ணாடி அலுமாரிக்குள் நீல நிறத்தில் ஒரு போத்தல் கண்ணில் பட்டது. என்னவென்று கேட்டேன்.

"அது கடல் உப்புத் தண்ணி நானா. தலைக்கு அடிக்கிறது. மெல்லிய முடியெண்டாலும் வழுக்காம நிக்கும். வெளிநாட்டுச் சாமான்," என்றார் கடைக்காரர், என்னை அண்ணன் முறை வைத்து.

கடை அதிரச் சிரித்துவிட்டேன். உப்பளம் உப்பளமாக வெள்ளை வெளேரென்று குவித்து வைத்திருக்கும் ஊரில் உப்புத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள், அதுவும் கப்பலில் வரவழைத்து. விலையைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது, அது வேறு கதை. ஆனாலும் வாங்கினேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முச்சக்கரவண்டிக்குள் அந்தப் போத்தலை மடியில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே வந்தேன். ஏனென்று உங்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் போயிருந்தன. நான் அப்போது ஆலங்குடாவில், களப்பு என்று நாங்கள் சொல்லும் கடல்நீர் ஏரியின் கரையில், மீன்பிடி வள்ளங்களின் இஞ்சின் திருத்திக்கொண்டிருந்தேன். மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து சிறுவனாக இந்தக் கரையில் வந்து இறங்கியவன் நான். பாதை திறந்ததும் எங்கள் ஆட்களில் பலர் எலுவன்குளம் பக்கத்தால் மன்னாருக்குத் திரும்பிப் போகத் தொடங்கினார்கள். போவதா, இருப்பதா என்று நானும் என் மனைவி பரீதாவும் ஒரு பெருநாள் முழுக்கக் கதைத்து, இருப்பதென்று முடிவெடுத்தோம். இருப்பதென்றால் கல்வீடு வேண்டுமே. அதற்காகப் பரீதா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அம்னாவுக்கு அப்போது ஒன்றரை வயது, தலை மொட்டை.

மொட்டை என்று சொன்னால் அதற்கும் ஒரு விளக்கம் தேவை. பிறந்த ஏழாம் நாள் முடி களைவது எங்கள் வழக்கம். அதோடு விட்டிருக்கலாம். அடுத்த வீட்டில் இருந்தது என் தாத்தா. பயப்படாதீர்கள், எங்கள் ஆட்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. வழிக்க வழிக்க முடி அடர்த்தியாக வரும் என்பது அவவுடைய அசைக்க முடியாத நம்பிக்கை. ஆகவே பரீதா போவதற்குச் சற்று முன்னர் இரண்டாம் மொட்டையும் நடந்து முடிந்தது. வந்ததென்னவோ சோளக் கதிரின் நுனியில் இருக்குமே, அந்த நூல் மாதிரி ஒரு முடி. வெயிலில் பார்த்தால் இருப்பது தெரியும், நிழலுக்கு வந்தால் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் பரீதாவின் தொலைபேசி வரும். சுகம் விசாரிப்பாள், வீட்டு வேலை எந்தளவில் என்பாள். பிறகு குரல் மாறும்.

"அவட முடி எம்மட்டு வளந்திரிக்கு?"

"காதுக்குக் கீழ வந்திட்டு."

"பின்னலாமா?"

"இன்னும் கொஞ்சம் போகட்டுமே."

ஒருநாள் அவளே காரணத்தைச் சொன்னாள். அவள் வேலை செய்த வீட்டில் அம்னாவின் வயதில் ஒரு பெண் பிள்ளை. கயிறு மாதிரித் தடித்த முடியாம். காலையில் அந்தப் பிள்ளைக்குப் பின்னிவிடுவது இவளுடைய வேலைகளில் ஒன்று. "இன்னொரு புள்ளட முடிய நாள் தவறாமப் பின்னுறன். என்ட புள்ளட தலைல ஒரு சீப்பு வெச்சதில்ல. நான் வந்தா அவ என்னட்ட வரமாட்டா, எனக்குத் தெரியும். தல பின்னுறன் எண்டு சொல்லித்தான் மடில இருத்தப் போறன். அதுக்குள்ள பின்னுற மாதிரி ஆக்கி வைங்க," என்றாள். சொல்லிவிட்டு, மிச்சக் காசு முடிவதற்குள் அவசரமாக ஸலாம் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து எனக்கு இஞ்சினெல்லாம் இரண்டாம் பட்சமாகிவிட்டது. கார்பரேட்டர் ஊசியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவன் நான். ஆனால் அந்தத் தலையில் ஒரு கிளிப் நிற்க வேண்டுமே, நிற்காது. பூட்டிவிட்டுக் கையை எடுத்தால் அது மெதுவாகக் கிளம்பி, அவசரமே இல்லாமல், முடியின் நுனி வரைக்கும் இறங்கி வந்து கீழே விழும். அம்னா அதைப் பொறுக்கி என் கையில் தருவாள். மறுபடி பூட்டுவேன், மறுபடி விழும். அவளுக்கு அது காலையில் நாங்கள் இருவரும் ஆடுகிற ஓர் ஆட்டம். பரீதா அனுப்பும் பொதிகளில் சொக்லேட்டை விடக் கிளிப்தான் அதிகம். பட்டாம்பூச்சி, அன்னாசிப்பழம், முத்து வைத்தது என்று ஒரு பிஸ்கட் டின் நிறைந்துபோய்க் கிடந்தது. ரப்பர் பேண்ட் போட்டால் தலை நோகும் என்று அழுவாள். வலை முடிகிற முடிச்சைக்கூடப் போட்டுப் பார்த்தேன். அந்த முடிச்சில் சுறா தப்பாது, அம்னாவின் முடி தப்பியது.

தாத்தாவின் வைத்தியம் தேங்காய் எண்ணெய். கறிவேப்பிலை போட்டுக் காய்ச்சி, கையில் ஊற்றி, பிள்ளையின் தலையில் தேய்த்தாவென்றால் காதால் வழியும். எண்ணெய் வைத்தால் வளரும் என்பதில் எங்கள் கரையில் யாருக்கும் இரண்டாம் பேச்சில்லை, எனக்கும்தான். இருந்த நாலு முடியும் தலையோடு ஒட்டிப்போய் மொட்டை இன்னும் பளிச்சென்று தெரியும். இரண்டு வருடம் கழித்துப் பரீதா வருவது நிச்சயமானதும் தாத்தா கடைசி ஆயுதத்தை எடுத்தா.

"இன்னொருக்கா வழிச்சிருவம் தம்பி. வார முடி அடர்த்தியா வரும்."

"மொட்டையோட விட்டிட்டுப் போனவ மொட்டையையே வந்து பாக்கிறதா?" என்று நான் சத்தம் போட்டதில் அவ இரண்டு நாள் எனக்குக் கறி தரவில்லை.

பரீதா வந்து இறங்கும் நாள் வந்தது. சோழகக் காற்று உச்சத்தில் இருந்த காலம், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள் வானத்தில் நிறைந்து நின்றன. விமான நிலையத்துக்கு வேன் பேசியாயிற்று, அம்னாவுக்குச் சிவப்புச் சட்டை, சிவப்பு ரிபன். முதல்நாள் எண்ணெயைப் போக்கத் தாத்தா காலையில் குவைத் ஷாம்பூவால் கழுவி எடுத்தா. முடி பஞ்சாகப் பறந்தது. நான் உச்சி பிரித்தால் காற்று என் உச்சியை அழித்து வேறொன்று பிரித்தது. ரிபன் ஒன்று கையை விட்டுப் போய்க் களப்புப் பக்கம் பறந்தது. அம்னா அதன் பின்னால் ஓடினாள், நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். ரிபன் தண்ணீரில் விழ, அவளும் அப்படியே முகங்குப்புற விழுந்தாள். முழங்கால் தண்ணீர்தான், ஆனால் தலை முழுகிவிட்டது. தூக்கி நிறுத்தினால் கையில் பிடித்த ரிபனைக் காட்டிச் சிரிக்கிறாள்.

வேன்காரர் ஹோன் அடித்துக்கொண்டே இருந்தார். மறுபடி குளிப்பாட்ட நேரமில்லை. வேறு சட்டையை மாட்டி, துவாயால் தலையைத் துடைத்து, ஏற்றிக்கொண்டு தாத்தாவும் நானும் புறப்பட்டோம். எனக்கு அழுகை வராத குறை. ஜன்னல் கண்ணாடி திறந்திருந்தது. பிரதான வீதியில் ஏறும்போது பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "வாப்பா, தல கரகரங்குது," என்றாள்.

தொட்டுப் பார்த்தேன். வெயில் காலத்தில் எங்கள் களப்புத் தண்ணீர் கடலை விட உப்பு. அது காய்ந்து, அந்த நூல் முடி நூலாக இல்லாமல் கொஞ்சம் தடித்து, ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நின்றது. உச்சி பிரித்தேன், பிரிந்தது. மூன்றாகப் பகுத்தேன், பகுத்தபடி நின்றது. வேன் குலுங்கக் குலுங்க ஒரு பக்கம் பின்னி, ரிபன் கட்டி, கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். விழவில்லை. அம்னா எந்த நாளும் போலக் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள், விழுவதைப் பொறுக்கித் தர.

"விழல்ல வாப்பா," என்றாள் ஆச்சரியத்தோடு.

"தாத்தா, நிக்குது," என்று நான் கத்தியதில் வேன்காரர் பிரேக் போட்டுவிட்டார். சிலாபம் வருவதற்குள் மற்றப் பக்கமும் முடிந்தது. எலிவால் அளவில் இரண்டு பின்னல், ஒன்று கொஞ்சம் கோணல். உலகத்தில் அவ்வளவு அழகான சாமான் ஒன்றை நான் என் கையால் செய்ததில்லை. கட்டுநாயக்க வரைக்கும் வெளியே பார்க்காமல் அந்தப் பின்னல்களையே பார்த்துக்கொண்டு போனேன்.

பரீதா வெளியே வந்தாள். மெலிந்திருந்தாள், கறுத்திருந்தாள். பெட்டி தள்ளும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு எங்களுக்கு முன்னால் வந்து குந்தினாள். அம்னா என் காலுக்குப் பின்னால் போய் முகத்தைச் சாரத்துக்குள் புதைத்துக்கொண்டாள். எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. பரீதா கையை நீட்டியபடியே இருந்தாள். பின்னலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருக்கிறது, இனி எனக்கு என்ன வேலை என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை.

நான் அதிகம் யோசிக்கவில்லை. கோணல் இல்லாத பின்னலின் ரிபனைப் பிடித்து உருவிவிட்டேன். விரலை விட்டு முழுப் பின்னலையும் அவிழ்த்தேன்.

"ஆ, அவிழ்ந்து போச்சே மகள். வாப்பாக்குத் தல பின்னத் தெரியாது. உம்மாக்குத்தான் தெரியும். இந்தாங்க ரிபன், உம்மாட்டக் குடுங்க."

அம்னா என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த ரிபனை வாங்கி, பழக்க தோஷத்தில் பரீதாவிடம் நீட்டினாள். பரீதா அவளை மெதுவாகத் திருப்பி, நிலத்திலேயே சப்பாணி கட்டி உட்கார்ந்து மடியில் இருத்தினாள். அவளுடைய விரல்கள் ஓடிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே. நாள் தவறாமல் பழகிய கை அல்லவா. பின்னி முடித்தும் விடவில்லை, அவிழ்த்து மறுபடி பின்னினாள். மூன்றாம் தரம் பின்னும்போது பிள்ளை அவளுடைய நெஞ்சில் சாய்ந்துவிட்டாள். ஆட்கள் எங்களைச் சுற்றி வளைந்துகொண்டு போனார்கள். தாத்தா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எண்ணெய் வெச்சதாலதான் இந்தளவுக்கு வந்த," என்றா.

அதன் பிறகு ஒரு போத்தல் களப்புத் தண்ணீர் எங்கள் குசினி ஜன்னலில் எப்போதும் இருந்தது. பள்ளிக்கூடம் போகிற வயதில் முடி தானாகவே அடர்ந்துவிட்டது, போத்தல் தேவைப்படவில்லை. தண்ணீர் மொண்ட இடத்தில் இன்றைக்கு ஹோட்டல் வேலி நிற்கிறது. தாத்தா மன்னாருக்கே போய்விட்டா. பிஸ்கட் டின் எந்தப் பிள்ளைக்குப் போனதோ தெரியாது. இப்போது அம்னா கதவைச் சாத்திக்கொண்டு தானே தலை பின்னி, பர்தாவைப் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போகிறாள்.

இன்று அந்த நீலப் போத்தலை அவளிடம் நீட்டி, கதை சொல்ல ஆயத்தமாகத் தொண்டையைச் செருமினேன். "இந்தத் தண்ணியப் போட்டுத்தான் மகள், வாப்பா உங்களுக்குத் தல பின்னின."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "வாப்பாவா? வாப்பாக்கு எங்க தல பின்னத் தெரியும்? சின்னதில இருந்து உம்மாதானே பின்னின."

குசினி வாசலில் பரீதா சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணைக் காட்டி நிறுத்தினேன். குவைத்தும், வெள்ளிக்கிழமைத் தொலைபேசியும், உம்மா இல்லாமல் விடிந்த காலைகளும் அம்னாவின் தலைக்குள் இல்லவே இல்லை. அன்றைக்கு ரிபனை உருவியதும், தலை பின்னியது உம்மாதான் என்று அவள் நம்பத்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷம், கொஞ்சம் பொறாமையும்தான். ஆனால் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது: நான் அவிழ்த்தது ஒரு பக்கத்தை மட்டும்தான், என்னுடைய கோணல் பின்னல் ஆலங்குடா வரைக்கும் விழாமல் வந்தது.