மாதா தேருக்கு வெட்டிய தகடு

திண்டிவனத்தில் முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் பேர் வெட்டியவன் நான்தான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வது என் வழக்கம். சுத்தப் பொய். வெட்டியது மாமா. நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் அன்றைக்கு நான் கையை விட்டிருந்தால் மாதா எங்கள் தெருவுக்குள் வந்திருக்க மாட்டாள். அதனால் பாதிப் பொய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டு நின்றுவிட்டது. நான்தான் நின்றேன் என்று வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற பக்கம். பேரைச் சொல்ல மாட்டேன், இன்னும் அங்கேதான் குடியிருக்கிறேன். ஊரில் ஒரு மாதா கோயில், வருஷத்துக்கு ஒரு தேர். அந்தத் தேர் ஊரெல்லாம் சுற்றிவிட்டு எங்கள் தெருமுனை வரைக்கும் வந்து அப்படியே திரும்பிவிடும். பாதை சரியில்லை, சக்கரம் இறங்கிவிடும் என்பார்கள். அதனால் ஒவ்வொரு திருவிழாவுக்கும் முன்னால் நானும் என் வயதுப் பிள்ளைகளும் தெருவில் கிடக்கிற கல்லையெல்லாம் பொறுக்கி ஏரிக்கரையில் கொட்டுவோம். மறுவருஷமும் பாதை சரியில்லாமலேதான் இருக்கும். ஒரு கல்லை எங்கேயோ விட்டுவிட்டோம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாவுக்கு மரவாடியில் கூலி வேலை. அந்த வருஷம் மாதா சொரூபம் நிற்கிற பலகையைத் தேக்கில் புதிதாகச் செய்து கொடுத்தார். எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தேரில் யார் பேரில் உபயத் தகடு இருக்கிறதோ அவர் வீட்டு வாசலில் தேர் நின்றுதான் போக வேண்டும். திருவிழாவுக்கு முந்தின நாள் அப்பா போய் அதைக் கேட்டார். கமிட்டிப் பெரியவர் கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்தார்.

“வழக்கம்னா வழக்கந்தான். தகடு இருந்தா நிக்கும். ஆனா கையால கிறுக்கிக்கினு வராத. மத்த தகடு மாதிரி மெஷின்ல வெட்டி இருக்கணும். நாளைக்குத் தேர் கெளம்பறதுக்குள்ள கொண்டா.”

தேரில் இருந்த தகடுகள் எல்லாமே விழுப்புரத்தில் ஒரே கடையில் வெட்டியவை. மறுநாள் காலையில் மாமா ஒரு பித்தளைத் தகடு வாங்கிக்கொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு அங்கே போனார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. கடைக்காரர் அப்பா பேர் எழுதிய சீட்டை வாங்கிப் படித்தார். எந்த ஊர்த் தேர் என்று கேட்டார், சொன்னோம். எந்தத் தெரு என்று கேட்டார், சொன்னோம். உள்ளே போய் யாரிடமோ போனில் பேசிவிட்டு வந்து தகட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“மெஷின் ரிப்பேர்ப்பா.”

அவர் முதுகுக்குப் பின்னால் மெஷின் கிர்ரென்று ஒரு கோப்பையில் பேர் வெட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணே, பின்னாடி திரும்பிப் பாருங்க, ஓடுது!” என்றேன் நான், அவருக்கு நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தில். மாமா என் தொடையைத் திருகிய திருகில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நொண்டிக்கொண்டே போனேன். பஸ்ஸில் நான் யோசித்துக்கொண்டே வந்தேன். ஓடுகிற மெஷினை ரிப்பேர் என்கிறார் இவர். ரிப்பேரான மெஷினை வைத்துக்கொண்டு ஓடிவிடும், ஓடிவிடும் என்கிறார் என் மாமா. இரண்டு பேரும் கடையை மாற்றிக்கொண்டால் ஒரு பேஜாரும் இல்லையே.

மாமாவுக்குத் திண்டிவனத்தில் ரப்பர் ஸ்டாம்பு செய்கிற சின்னக் கடை. அதன் மூலையில் சாக்கு போட்டு மூடிய மெஷின் ஒன்று இருந்தது. எந்த நாட்டிலோ பிறந்து, மெட்ராஸில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்து, பழைய இரும்புக் கடையில் கிடந்ததை மாமா தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஊசி மாதிரி ஒரு முனை சுற்றிக்கொண்டே தகட்டில் எழுத்து வெட்டும் என்றார். வந்த நாளிலிருந்து அது ஒரு புள்ளிகூட வைத்து நான் பார்த்ததில்லை.

அதற்குப் பக்கத்தில் அதை ஆட்டிவைக்கிற பழைய கம்ப்யூட்டர். கறுப்புத் திரை. உள்ளே போக வேண்டிய புரோகிராம் ஒரு பிளாப்பியில் இருந்தது. பிளாப்பியைத் தள்ளினால் கோழி கேறுகிற மாதிரி சத்தம் வரும், திரையில் ஒரு வரி வந்து நிற்கும்.

“இன்னா சொல்றான் மாமா?”

“படிக்க முடியலன்றான்.”

அதைக் கேட்டதும் எனக்குக் கம்ப்யூட்டர்மேல் தனிப் பாசம் வந்துவிட்டது.

மாமா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு பிளாப்பி போகிற வாயைத் துடைத்தார். பிளாப்பியின் தகரத்தை நகர்த்தி உள்ளே தெரிந்த வட்டத்தைத் துடைத்தார். திரும்பத் தள்ளினார். கேறல். மறுபடி துடைத்தார். வெயில் கடை வாசலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஊரில் தேருக்குப் பூ கட்டியிருப்பார்கள். மாமாவின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைசியில், நான் ஜெபம் சொன்னதாலோ சொல்லாததாலோ, கேறல் நின்று திரை முழுக்க எழுத்து வந்தது.

அந்தப் புரோகிராமுக்கு இங்கிலீஷ் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் மாமா தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஊசியைத் தூக்கு, இறக்கு, இவ்வளவு இந்தப் பக்கம் போ, இவ்வளவு மேலே போ என்று எண்களாக மாற்றி, பிளாப்பி ஒழுங்காகப் படித்த நாளிலேயே ஏற்றி வைத்திருந்தார். இருப்பது ஒரே தகடு. முதலில் வேறு எதிலாவது வெட்டிப் பார்க்க வேண்டும். என் சோற்று டப்பாவின் மூடி மாட்டியது.

மெஷின் ஓடியது! நிஜமாகவே ஓடியது. மாமா மூடியை எடுத்து ஊதினார். முகம் செத்துப்போனது.

நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு எழுத்து அரைகுறை. ஆனால் எனக்கே தெரிந்தது, அப்பா பேர் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் திரும்பியிருந்தது. ரப்பர் ஸ்டாம்பில் எழுத்தைத் திருப்பித்தான் வெட்ட வேண்டும். பத்து வருஷமாகத் திருப்பி எழுதிய கை கட்டத்தாளிலும் திருப்பியே எழுதி வைத்திருந்தது.

“இத்தன எழுத்தயும் திரும்பப் போடணும்னா விடிஞ்சிடும்டா,” என்று மாமா தரையில் உட்கார்ந்தார்.

“ஸ்டாம்பு மாதிரி மையைத் தொட்டு தேர்ல குத்திட்டா?” என்றேன்.

முறைத்தார். முறைத்த கண் அப்படியே மெஷின் பக்கம் போனது. சட்டென்று எழுந்து பின்மூடியைக் கழற்றினார். ஊசியை இடமும் வலமும் இழுக்கிற மோட்டாருக்குப் போகிற ஒயரில் இரண்டைப் பிடுங்கி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டினார். இப்போது கம்ப்யூட்டர் இடது என்றால் மெஷின் வலது போகும். சொன்ன பேச்சுக்கு எதிராக நடக்கிற பிள்ளையை ஒழுங்குபடுத்த எதிராகவே சொல்கிற வித்தை. என் அம்மாவுக்கு இது தெரிந்திருந்தால் நான் பத்தாவது பாஸ் செய்திருப்பேன்.

மூடியின் மறுபக்கத்தில் எழுத்து நேராக விழுந்தது. ஆனால் ஒயரை இழுத்த இழுப்பில் கம்ப்யூட்டரிலிருந்து வருகிற கேபிளின் தலை ஆட்டம் கண்டுவிட்டது. மேலே தூக்கி லேசாக இடப்பக்கம் வளைத்துப் பிடித்தால்தான் மெஷின் ஓடியது, விட்டால் நின்றது. பாதியில் நின்றால் தகடு போச்சு.

“மாப்ள, இத இப்படியே புடிச்சிக்கினு நில்லு. பேசாத. அசையாத. மாதாவே வந்து கூப்ட்டாலும் திரும்பாத.”

நின்றேன். ஊசி பித்தளையில் இறங்கியது. முதல் எழுத்து. இரண்டாவது எழுத்து. தோள் கடுத்தது. மூக்கு அரித்தது. கண்ணால் மாமாவிடம் சொன்னேன். அவர் ஸ்குரூ டிரைவர் பிடியால் என் மூக்கைச் சொறிந்துவிட்டார். அப்பா பேர் முடிந்து ‘உபயம்’ தொடங்கியபோது டியூப் லைட் ஒருமுறை மங்கி, மினுக்கி, திரும்ப எரிந்தது. மாமா சிலுவை போட்டுக்கொண்டார். கடைசி எழுத்தில் எனக்குத் தும்மல் வந்தது. அடக்கினேன், அடங்கவில்லை. கை ஒரு நூல் அசைந்தது. ஊசி மேலே எழும்பாமலே ஓடி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டது.

மாமா தகட்டையே பார்த்தார். நான் அடிக்குத் தயாராக முதுகைக் காட்டினேன்.

“டிசைன்,” என்றார் மாமா. “ஜல்தி வண்டில ஏறு.”

மொபெட் அன்றைக்குப் பறந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தேரின் வடத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். பெரியவர் தகட்டை வாங்கி விளக்குப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது இன்னா கோடு?”

“டிசைனுங்க.”

சுற்றி நின்றவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். கோயில் பங்குச் சாமியாரும் பார்த்தார். அப்பா யாரையும் பார்க்காமல் ஆணியையும் சுத்தியலையும் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் தலையை ஆட்டிவிட்டுத் தகட்டை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதைத் தேரில் வைத்து அடித்தார். மரவாடியில் எத்தனையோ ஆணி அடித்த கை, முதல் ஆணியை வளைத்துவிட்டது.

தேர் எங்கள் தெருவுக்குள் வந்தது. ஒரு சக்கரமும் இறங்கவில்லை. நாங்கள் கல் பொறுக்கிய லட்சணம் அப்படி! எங்கள் வாசலில் நின்றது. தேர் நிற்கிற வீட்டில் வடம் இழுக்கிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும். அம்மா அண்டா நிறைய எலுமிச்சை சர்பத் கலக்கி வைத்திருந்தாள். புது டம்ளர்களில் ஊற்றித் தட்டில் வைத்து நீட்டினாள்.

“எடுத்துக்கோங்கண்ணே.”

“தாகம் இல்லம்மா.”

“நீங்க ஒரு வாய்…”

“இப்பதான் குடிச்சேன், வேணாம்.”

வேர்வை அவர்கள் தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒருவர் டம்ளரைப் பார்த்து உதட்டை நக்கிக்கொண்டு மாதாவைப் பார்த்தார். இவ்வளவு பெருந்தன்மையான ஆட்களை நான் அதுவரை கண்டதில்லை. எனக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்று நாலு டம்ளர் குடித்தேன். தேர் நகர்ந்து தெருமுனை திரும்பியது. அம்மா இன்னும் தட்டோடு நின்றாள். ஒரு டம்ளரை எடுத்து அவளிடமே நீட்டினேன்.

“நீயும் குடிம்மா. ஜில்லுனு இருக்குது.”

“எனக்குத் தாகம் இல்லடா,” என்றாள் அவளும்.

அன்றைக்கு ஊரில் ஒருவருக்குமே தாகம் எடுக்கவில்லை, எனக்கு வந்த யோகத்தைப் பாருங்கள் என்று ஐந்தாவது டம்ளரையும் வாயில் வைத்தேன். அப்போது மாமா பின்னாலிருந்து என் தோளைப் பிடித்து...

“யோவ்! உள்ள ஒக்காந்து இன்னா கதை வுட்டுக்கினு கீற? ஷீல்டு வாங்க ஆளு வந்து நிக்குது!”

என் வீட்டுக்காரி. இதோ வர்றேன்டி.