ஏசி மேடைக்குக் கீழே

அல் ஐனில் மகன் வாடகைக்கு எடுத்திருக்கும் வில்லாவின் பின்பக்கம், ஏசி இயந்திரம் உட்கார்ந்திருக்கும் சிமெண்ட் மேடைக்கு அடியில் ஒரு பொந்து இருந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் வருஷக்கணக்கில் மண்ணை அரித்து உண்டான பொந்து. அதை நான் அடைத்தேன். அடைத்த விதத்தை மகனிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

மனைவி போன மறுவருஷம் இங்கே வந்தேன். மகனுக்குக் கடற்கரைப் பக்கம் வேலை. வார இறுதியில்தான் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் நானும் மருமகளும் மட்டும். அவள் இங்கே ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவள் மதியத்துக்குச் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவாள். நான் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு பிடி சோற்றில் நெய் விட்டு, பின்பக்கச் சுற்றுச்சுவர் மேல் வைப்பேன். மனைவிக்காக. இந்த வீட்டுப் பக்கம் காக்கை வருவதில்லை. மைனாக்கள் வந்து பாதியைக் கொத்தும், பாதியைக் கீழே தள்ளும். காக்கைக்குப் பதில் மைனா என்று நான் மனதைச் சமாதானம் செய்துகொண்டேன். கீழே விழுந்ததைப் பற்றி யோசிக்கவில்லை.

வெயில் குறைந்து ஜன்னல்களைத் திறக்கத் தொடங்கிய நாட்களில், பின்கதவுப் பக்கம் புழுக்கைகள் தென்பட்டன. கறுப்பாக, சுண்டுவிரல் நுனி அளவு. ஒன்றைக் குச்சியால் கிளறியபோது உள்ளே வண்டின் இறக்கைத் துண்டுகள் மினுங்கின. எலி என்றால் எதையாவது கடித்திருக்கும். இங்கே ஒரு வயர்கூடக் கடிபடவில்லை. மருமகளின் கோலமாவை எடுத்து மேடையைச் சுற்றித் தூவி வைத்தேன். காலையில் பார்த்தால் சின்னக் கைகளை அழுத்தி எடுத்தது போல் ஐவிரல் தடங்கள். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் காகிதப்பூச் செடிக்கு அடியில் ஒரு கூர்மூக்கும் தெரிந்தது. உடனே உள்ளே போய்விட்டது.

நான் கட்டடப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் தெரியாது என்று விட்டு எனக்குப் பழக்கமில்லை. கூர்மூக்கு, கை போன்ற தடம், வீட்டுக்கு அடியில் வாசம் என்று ஆங்கிலத்தில் போனில் தட்டினேன். ஒப்போசம் என்று பதில் வந்தது, எலி மூஞ்சியும் பூனை உடம்புமாக ஒரு பிராணி. படமும் வந்தது, விரட்டும் வழிகளும் வரிசையாக வந்தன. சாயங்காலம் மருமகளிடம் காட்டினேன்.

அவள் டீயை வைத்துவிட்டுப் பார்த்தாள். "மாமா, இது அமெரிக்கால இருக்கறது. அல் ஐனுக்கு எப்படி வந்துச்சு, விசிட் விசாவுலயா?"

"கப்பல்ல வந்திருக்கலாம்ல."

"வந்திருந்தா துபாய்லயே செட்டில் ஆயிருக்கும். இங்க என்ன இருக்குன்னு வரப்போகுது?"

அவள் சிரித்தாள். வேறு நாளாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அன்று சுருக்கென்றது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் மகன் போனில் கூப்பிட்டபோது, அவள் அடுப்படியில் இருக்கிறாள் என்று தெரிந்தே சொன்னேன்: "குப்பைப் பையைப் பின்கதவுலயே வச்சிடறா. கண்டதும் வரத்தான செய்யும்." அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு தொடர்ந்தது. மறுநாளிலிருந்து குப்பைப் பை ஒரு நிமிஷம்கூடப் பின்கதவில் இருக்கவில்லை. புழுக்கை மட்டும் நிற்கவில்லை.

அந்த வாரமே கடையிலிருந்து பாச்சை உருண்டைப் பொட்டலமும் ஒரு சின்னப் பை சிமெண்டும் வாங்கி வந்தேன். போனில் வந்த வழிகளில் முதல் வரி, அடைக்கும் முன் உள்ளே ஏதும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள் என்பது. படித்தேன். இரவில் திரியும் பிராணி பகலில் உள்ளேதான் தூங்கும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் பட்டப்பகலில், அவள் பள்ளியிலிருந்து வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வேகத்தில், உருண்டைகளைப் பொந்துக்குள் உதறிவிட்டு, கல்லை வைத்து, கலவையைக் கெட்டியாகக் குழைத்துப் பூசினேன். பூச்சு நன்றாக வந்தது. தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

பொழுது சாயும்போது கொடியில் துண்டு எடுக்கப் போனேன். மேடைக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. குருவிக்குஞ்சு கத்துவது போல் மெல்லிய கீச்சு. கூடவே மண்ணைப் பிறாண்டும் சத்தம். எனக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. உள்ளே தாயும் குட்டிகளும்.

துண்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். டிவியைப் போட்டு, ஒலியைக் கூட்டி வைத்து, ஒரு சீரியல் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். இதைத்தான் மகனிடம் சொல்ல முடிந்ததில்லை. தெரியாமல் அடைத்தேன் என்றுகூட ஒருவன் சொல்லிக்கொள்ளலாம். கேட்ட பிறகும் உட்கார்ந்திருந்ததற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவளிடம் போய் நான் செய்தது தப்பு என்று சொல்ல வேண்டியிருந்ததே, அதற்குத்தான் அந்த உயிர்களைக் காக்க வைத்தேன்.

தோசைத் தட்டோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்து, "மாமா, பிரஷர் மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

அப்போது சொன்னேன். உருண்டை, சிமெண்ட், சத்தம், சீரியல், எல்லாவற்றையும்.

அவள் தட்டை வைத்துவிட்டு அடுப்பை அணைத்தாள். ஸ்டோரிலிருந்து சுத்தியலும் பெரிய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்தாள். "வாங்க. திட்டுறது அப்புறம்."

கலவையைக் கெட்டியாகக் குழைத்திருந்தேனே, ஓரங்கள் இறுகிவிட்டிருந்தன. நான் ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்க அவள் அடித்தாள். "கையை நகட்டுங்க, உங்க விரலையும் சேத்து உடைக்கவா?" என்றாள். கல் பெயர்ந்ததும் பாச்சை உருண்டை வாடை குப்பென்று வந்தது. மண்ணில் கவிழ்ந்து படுத்து போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். நானும் குனிந்து பார்த்தேன். முள் பந்து ஒன்று மூச்சு விட்டு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றுப் பக்கம் வெள்ளை முட்கள் முளைத்த குட்டிகள்.

"முள்ளெலி" என்றேன்.

"விசா கேன்சல் ஆன ஒப்போசம்" என்றாள். சிரிக்கவில்லை.

இடுக்கியால் உருண்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். தாயைத் தொடவில்லை. தண்ணீர் ஒரு தட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டோம். காலையில் புதுப் புழுக்கையும் தடங்களும் இருந்தன. பொந்து வாசலில் ஒரு குட்டி அசைவில்லாமல் கிடந்தது. செடிக்கு அடியில் நானே புதைத்தேன். மற்றவை உள்ளே கீச்சிட்டன.

புதைக்கக் குனிந்தபோதுதான் சுவரடியைப் பார்த்தேன். காய்ந்த நெய்ச்சோறு, அதில் எறும்பு, அதைச் சுற்றித் தின்று போட்ட கரப்பான் இறக்கைகள். சோற்றுக்குக் கரப்பான், கரப்பானுக்கு முள்ளெலி. குப்பைப் பைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நான் வச்ச சோறும்மா. உன்னைச் சொன்னது தப்பு. அவன்கிட்டயும் சொல்லிடறேன்" என்றேன்.

அவள் குனிந்து பார்த்தாள். "எனக்குத் தெரியும் மாமா. அத்தைக்கு வைக்கிற சோறு. அதை எப்படி வைக்காதீங்கன்னு சொல்றது?"

"அதுக்காகப் பழியை நீ ஏத்துக்குவியா?"

"ஏத்துக்கிட்டேன்னு யார் சொன்னா? ரெண்டு நாள் உங்க சாம்பார்ல உப்பே இல்லையே, பாத்தீங்கள்ல?"

அன்று மதியத்திலிருந்து சோற்றை விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்து, மைனாக்கள் போனதும் எடுத்துவிடுகிறேன். மகனிடம் போனில், குப்பைப் பை பற்றிச் சொன்னது பொய் என்று மட்டும் சொன்னேன். மீதியை இங்கே எழுதியிருக்கிறேன். அவன் படிக்கட்டும்.

குட்டிகள் வளர்ந்து அந்தி நேரத்தில் தாயின் பின்னால் வரிசையாக வெளியே போகத் தொடங்கின. பிறகு தனித்தனியாக. கீச்சுச் சத்தம் நின்ற பின்னும் நாங்கள் அவசரப்படவில்லை. பழைய நாளிதழைக் கசக்கிப் பொந்து வாயில் லேசாகச் செருகி வைத்தோம். உள்ளே யாராவது இருந்தால் இரவில் தள்ளிக்கொண்டு வரும். முதலில் இரண்டு தடவை காகிதம் வெளியே கிடந்தது. பிறகு நாலைந்து நாள் தொடர்ந்து செருகியபடியே இருந்தது. கம்பி வலை வெட்டி வைத்து, கலவை குழைத்தேன். கரண்டியைக் கையில் எடுத்தும் எனக்குப் பூச வரவில்லை.

"இன்னொரு தடவை பாரும்மா" என்றேன்.

அவளுக்குப் பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கட்டிய சேலையோடு மண்ணில் முழங்காலிட்டு, போன் வெளிச்சத்தை உள்ளே விட்டு மூலை மூலையாகப் பார்த்தாள்.

"யாருமில்ல மாமா. பூசுங்க."